கூட யாரும்மா வந்திருக்காங்க?

(பட்டிமன்றத் தலைப்பு: ஏழைப் பெண்கள் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வராமல் போவதற்குப் பெரிதும் காரணம் அவர்களுடைய தயக்கமே! மருத்துவமனை நடைமுறையே! ‘நடைமுறையே’ என்ற அணியில் பேசியது.)

   

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். “ராத்திரி ஒன்பது மணி சீரியல் பார்க்க நேரம் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பரிசோதனை பண்ணிக்க நேரம் இல்லையா?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நான் அவரை ஒன்று கேட்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலே தம்பி மார்பகப் பரிசோதனை செய்யறாங்க? விலாசம் சொல்லுங்க. விளம்பர இடைவேளையிலே எங்க பொம்பளைங்க போய்ப் பார்த்துட்டு, தொடரும் போடறதுக்குள்ளே வீடு திரும்பிடுவாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

சிரிப்பு இருக்கட்டும். தயக்கமே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. இருக்கிறது ஐயா. யாருக்கு இல்லை? நான் தமிழ்ப் பேராசிரியை. சங்க இலக்கியத்திலே பெண்ணின் மார்பைக் குறிக்கும் சொல் எத்தனை இடத்தில் வருகிறது! வகுப்பில் அறுபது மாணவர்களுக்கு முன்னால் கூசாமல் உரை சொல்லுவேன். ஆனால் எனக்கே ஒரு சின்னக் கட்டி தட்டுப்பட்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது, முனைவர் பட்டம் வாங்கிய இந்த வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. “இங்கே... இந்தப் பக்கம்...” என்று விரலைத்தான் காட்டினேன். அது சாதாரணக் கட்டி. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை. அதையும் இந்த மேடையிலே சொல்லிவிடுகிறேன், பயந்து போய்விடாதீர்கள். ஆனால் எது சாதாரணம், எது இல்லை என்பதை நாம் தடவிப் பார்த்து முடிவு கட்ட முடியாது.

இப்போது கவனியுங்கள். எனக்கும் தயக்கம் இருந்தது. எங்கள் வீட்டிலே பாத்திரம் தேய்க்க வந்த அக்காவுக்கும் தயக்கம் இருந்தது. தயக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். நான் போன இடத்திலே முன்கூட்டியே நேரம் சொல்லி வைத்திருந்தார்கள். பெண் மருத்துவர் இருந்தார். கதவு இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு திரையும் இருந்தது. அதனால் என் தயக்கம் பத்து நிமிஷத்தில் கரைந்தது. அந்த அக்காவின் தயக்கம் ஏன் கரையவில்லை? அவங்க கதையைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்பு எழுதுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு. தேசியக் குடும்ப நல ஆய்வு என்று அரசாங்கம் எடுக்கிற பெரிய கணக்கெடுப்பு. 2019–21லே எடுத்ததைப் பார்த்தேன். தமிழ்நாட்டிலே ஆஸ்பத்திரியில் நடக்கிற பிரசவம் நூற்றுக்கு 99.6. கிட்டத்தட்ட நூறு! இந்தியாவே நம்மைப் பார்த்து வியக்கிறது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு பக்கத்தைப் புரட்டினால், முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயதுக்குள்ளே இருக்கிற பெண்களில் ஒரு தடவையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 5.6. இந்தியா முழுவதும் எடுத்தால் 0.9. நூற்றுக்கு ஒருத்தி கூட இல்லை!

அதே மாநிலம். அதே ஆஸ்பத்திரி. அதே பெண்கள். நடுவர் அவர்களே, பிரசவத்தை விடவா ஒரு பெண்ணுக்கு வெட்கப்படற விஷயம் இருக்கு? அதற்கு நூறு பேரும் வந்தார்கள். இதற்கு ஐந்து பேர் வருகிறார்கள். தயக்கம்தான் காரணம் என்றால் அங்கேயும்தானே தயங்கியிருக்க வேண்டும்!

அங்கே என்ன நடந்தது? ஒரு நாளில் வந்துவிடவில்லை. வீட்டு வாசலிலே கிராம சுகாதாரச் செவிலியர் வந்து நின்றார். ராத்திரியும் நர்ஸ் இருக்கும்படி ஆரம்ப சுகாதார நிலையத்தை மாற்றினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலே உதவித் தொகை வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பிரசவ அறைக்குள்ளே அம்மாவோ, அக்காவோ, மாமியாரோ ஒரு பெண் கூட இருக்கலாம் என்று அரசு ஆஸ்பத்திரியிலே அனுமதித்தார்கள். ஆஸ்பத்திரி நாலு அடி முன்னால் வந்தது. பெண்கள் நாற்பது அடி வந்தார்கள்.

யார் அந்த முத்துலட்சுமி ரெட்டி? 1923லே தன் சொந்தத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நோய் இன்னதென்று தெரிவதற்கே நாளாகிவிட்டது. அந்த வேதனையைத் தூக்கிச் சுமந்து, 1954லே பன்னிரண்டு படுக்கையோடு அடையாறிலே புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பிரசவத்துக்கும் அந்த அம்மா பெயர்தான், புற்றுநோய்க்கும் அந்த அம்மா பெயர்தான். ஒன்றிலே நாம் நூறு மார்க் வாங்கிட்டோம். இன்னொன்றிலே ஐந்தரை!

சரி, அந்த அக்கா கதை.

எங்கள் வீட்டுக்குப் பதினாலு வருஷமாக வந்தவங்க. குளிக்கும்போது புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. வலித்தால்தானே நாம் ஆஸ்பத்திரிக்குப் போவோம்? பல்வலி நம்மைத் தூங்க விடாமல் கூப்பிட்டுக்கொண்டு போகும். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காமல் வரும். அதுதான் அதனுடைய கள்ளத்தனம். இருந்தாலும் அந்த அக்கா போனாங்க. தயங்கி வீட்டிலே உட்கார்ந்துவிடவில்லை எதிரணி நண்பர்களே, போனாங்க!

ஓ.பி. சீட்டு எழுதுகிற ஜன்னல். உள்ளே ஒரு பையன். “என்னம்மா பண்ணுது?” என்று கேட்கிறான். அவன் மேல் தப்பில்லை. கேட்டு எழுதுவதுதான் அவன் வேலை. பின்னால் வரிசையிலே பக்கத்து வீட்டுக்காரர் நிற்கிறார். அந்த அக்கா மெதுவாக, “நெஞ்சுல ஒரு மாதிரியா இருக்கு” என்று சொல்லியிருக்கிறாங்க. “நெஞ்சா! சீக்கிரம் போங்கம்மா!” என்று வரிசையை விலக்கி, முதல் ஆளாக உள்ளே அனுப்பி, ஈ.சி.ஜி. எடுத்துவிட்டார்கள்! (சிரிப்பு) எடுத்துப் பார்த்து, “ஒண்ணும் பயமில்லை, வீட்டுக்குப் போங்க” என்று அனுப்பியும் விட்டார்கள். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, “ஆர்ட்டு நல்லா இருக்காம் டீச்சரம்மா” என்று சொன்னாங்க. நானும் சிரித்தேன். இப்போ நீங்க சிரிச்ச மாதிரிதான்.

இரண்டாவது தடவை போனபோது நர்ஸம்மா பயிற்சிக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். மூன்றாவது தடவை நர்ஸம்மா இருந்தார், பார்த்தார், உடனே பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் கூலி போச்சு. மூன்று வீட்டிலே பேச்சு வாங்கியாச்சு. கையிலே ஒரு சீட்டு மிச்சம். அது இங்கிலீஷிலே இருந்தது.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அந்த அக்கா எங்கிட்டே வந்தாங்க. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாங்கிப் பார்த்தேன். “பெரியாஸ்பத்திரியிலே காட்டச் சொல்லியிருக்காங்க. போயிட்டு வாங்கக்கா” என்று சொல்லிவிட்டு மறுபடி சிவப்பு மையை எடுத்தேன். அவ்வளவுதான் ஐயா நான் செய்தது. எந்தக் கட்டடம், எந்த மாடி, யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை நாள் ஆகும், எதுவும் நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. அவங்க தனியாகப் போய், அங்கே ஒருத்தர் “கூட யாரும்மா வந்திருக்காங்க?” என்று கேட்டதும், யாரும் இல்லாததால் திரும்பி வந்திருக்கிறாங்க. அந்தச் சீட்டு அவங்க வீட்டு முருகன் படத்துக்குப் பின்னால் ஏழு மாதம் இருந்தது. ஏழு மாதத்திற்கு அப்புறம் கட்டி அக்குளுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆப்பரேஷன், மருந்து, கரண்ட் வைப்பது, எல்லாம் நடந்தது. மூன்று வருஷம் இருந்தாங்க.

(சற்று நிறுத்தி) தண்ணி கொஞ்சம் குடிச்சுக்கறேன்.

திருக்குறளிலே மருந்து என்று ஓர் அதிகாரம். தொண்ணூற்றைந்தாவது. அதிலே கடைசிக் குறளை நான் முப்பது வருஷமாக நடத்துகிறேன். மருத்துவம் என்பது நாலு பங்கு என்கிறார் வள்ளுவர். நோயாளி ஒரு பங்கு, மருத்துவர் ஒரு பங்கு, மருந்து ஒரு பங்கு. நாலாவது பங்குக்கு அவர் போட்ட சொல் ‘உழைச்செல்வான்’. மாணவர்கள் பாதிப் பேர் பரீட்சையிலே ‘உழைத்துச் செல்பவன்’ என்று எழுதுவார்கள். இல்லை! உழை என்றால் பக்கம். நோயாளிக்குப் பக்கத்திலே இருந்து கவனித்துக்கொள்கிறவன். ‘கூட யாரும்மா வந்திருக்காங்க’ என்று ஆஸ்பத்திரியிலே கேட்டார்களே, வள்ளுவர் அப்போதே கேட்டது அதைத்தான். அந்த அக்காவுக்கு மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது. பக்கத்திலே இருக்கவேண்டிய ஆள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

எதிரணியிலே கேட்பார்கள்: “அம்மா, ஏழை நாட்டிலே ஊருக்கு ஊர் மேமோகிராம் இயந்திரம் வைக்க முடியுமா? இத்தனை டாக்டருக்கு எங்கே போவது?” என்று. மும்பைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்! டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் 1998லே தொடங்கி, மும்பையின் ஏழைக் குடியிருப்புகளிலே ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மார்பகப் பரிசோதனை. இயந்திரம் இல்லை. டாக்டரும் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சுகாதாரப் பணிப்பெண்கள், வெறும் கையால் செய்தது. இருபது வருஷம் தொடர்ந்து கவனித்து 2021லே முடிவை வெளியிட்டார்கள். பரிசோதனை செய்யப்பட்ட பெண்களுக்கு நோய் முற்றுவதற்கு முன்பே தெரிந்தது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இந்த நோயால் வந்த சாவு கிட்டத்தட்ட நூற்றுக்கு முப்பது குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும், வழக்காடுகிறோம் என்பதற்காகப் பாதியை விழுங்கக்கூடாது. ஆனால் ஒன்று தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி ஒருத்தி வந்து, பக்குவமாகக் கூப்பிட்டால், குடிசையிலே இருக்கிற பெண்ணும் வருகிறாள்.

நம்மிடம் சட்டம் இல்லையா? 2016லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மார்பகப் பரிசோதனை, ஆரம்ப நிலையத்திலேயே, பயிற்சி பெற்ற செவிலியர் கையால். தாள் எல்லாம் தயார். தாளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவிலே என்ன நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இதை ஒரு மத்தியானம் நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், சின்னப் பெண், என் மாணவி வயசு. ‘பரிசோதனைக்கு யாருமே வர மாட்டேங்கறாங்க மேடம்’ என்று வருத்தப்பட்டார். “நிலையத்திலே இருக்கிற எல்லோரையும் ஒரு நாள் உட்கார வைத்துக் கேளுங்களேன்” என்றேன். எல்லோரும் என்றால் எல்லோரும்! நர்ஸம்மாக்கள், சீட்டு எழுதுகிறவர், மருந்து கொடுக்கிறவர், ரத்தம் எடுக்கிறவர், கிராமச் செவிலியர், வீடு வீடாகப் போகிற பெண் தன்னார்வலர், மகளிர் சுய உதவிக்குழுத் தலைவி, கூட்டிப் பெருக்குகிற ஆயாம்மா, அப்புறம் அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர். வெள்ளிக்கிழமை, கூட்டம் வடிந்த பிறகு, டீயும் வடையும்.

முதல் அரை மணி நேரம் டாக்டர் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வடைதான் குறைந்தது. (சிரிப்பு) அப்புறம் அந்தப் பெண் நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வர்றவங்க எந்த இடத்துலேருந்து திரும்பிப் போறாங்க?”

யாரும் பேசவில்லை. கதவோரம் நின்றிருந்த ஆயாம்மா சொன்னாங்க: “அந்த ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லைம்மா. நான் கூட்டும்போது பார்க்கிறேன். பொண்ணுங்க உள்ளே போவாங்க, ஜாக்கெட்டுல கை வைப்பாங்க, யாராவது கதவைத் தள்ளுவாங்க. உடனே வெளியே வந்துருவாங்க.”

தாழ்ப்பாள்! நூறு ரூபாய்க்குள்ளே முடிகிற சமாச்சாரம். டாக்டருக்குத் தெரியாது, ஏனென்றால் டாக்டர் உள்ளே போகும்போது யாரும் கதவைத் தள்ளுவதில்லை. ஆயாம்மாவுக்குத் தெரியும். ஆயாம்மாவை யாரும் அதுவரை கேட்டதில்லை.

அப்புறம் வாய்கள் திறந்தன. சீட்டு எழுதுகிறவர், “நான் கேட்காம எப்படிங்க எழுதறது? அவங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்க” என்றார். சுய உதவிக்குழுத் தலைவி, “வீட்டிலேயே தன்னார்வலர் ஒரு மஞ்சள் அட்டை கொடுக்கட்டும். ஜன்னலிலே அட்டையை நீட்டினா போதும், கேள்வி கேட்காதீங்க” என்றார். மருந்து கொடுக்கிறவர் ஆண். அவர் சொன்னார்: “ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு மாசாமாசம் எல்லா அம்மாக்களும் எங்கிட்டதான் வர்றாங்க. நான் வாயால சொல்ல முடியாது. மாத்திரையோட அந்த அட்டையை வெச்சுக் கொடுத்துடறேன்.” நர்ஸம்மா மட்டும் கோபமாகவே இருந்தார். “பி.பி. பார்க்கணும், சர்க்கரை பார்க்கணும், கம்ப்யூட்டர்ல ஏத்தணும், இதுல ஒருத்தருக்குப் பத்து நிமிஷம் நான் எங்கே போவேன்?” என்றார். நியாயம்தானே! அதற்காக வாரத்தில் ஒரு மத்தியானம் இந்த வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கி, கணினி வேலையை வேறொருவருக்கு மாற்றினார்கள்.

கடைசியாக அந்த ஊர்ப் பெண்களிலே ஒருத்தி கேட்டாள் பாருங்கள், அதுதான் கேள்வி. “கட்டி இருக்குன்னு நீங்க சொல்லிட்டா, அதுக்கப்புறம்? பெரியாஸ்பத்திரியிலே யாரைப் பார்க்கணும்? எத்தனாவது மாடி?” டாக்டருக்கே மாடி தெரியவில்லை! அங்கேயே போன் போட்டுக் கேட்டார். சீட்டுக்குப் பின்பக்கம் தமிழிலே எழுதிக் கொடுப்பது, முதல் தடவை தன்னார்வலர் கூடப் போவது என்று பேசினார்கள். எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். கூடப் போகிற தன்னார்வலருக்கு அன்றைய செலவை யார் கொடுப்பது என்பது நான் கிளம்புகிற வரைக்கும் முடிவாகவில்லை. ஆனால் தாழ்ப்பாள் மறுநாளே போட்டாங்க.

நடுவர் அவர்களே, அந்தக் கூட்டத்திலே ஒருத்தர் கூட ‘பெண்களுக்குப் புத்தி சொல்லுங்க’ என்று சொல்லவில்லை. எதிரணி நண்பர்கள் மன்னிக்கணும்.

மணி அடிச்சுட்டீங்க. ஒரு நிமிஷம் கொடுங்க ஐயா.

அந்த அக்காவுக்கு ஒரு மகள். இப்போது முப்பத்து நாலு வயது, தையல் வேலை. அம்மாவுக்கு இந்த நோய் வந்திருந்தால் மகளுக்கும் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வரும் என்று அர்த்தமில்லை, ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டும். போன வாரம் வீட்டுக்கு வந்தாள். ரொம்ப நேரம் வேறு என்னென்னமோ பேசினாள். கிளம்பும்போது வாசல்படியிலே நின்று, “டீச்சரம்மா, செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்காங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வரச் சொன்னாங்க” என்றாள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு நாலு வகுப்பு. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் போகவேண்டியது எந்த மாடி என்றும் விசாரித்து வைத்திருக்கிறேன். (கைதட்டல்)